பரப்புக் கணக்கும் ஹெக்டெயர்க் கணக்கும்

யாழ்ப்பாணக் கமக்காரருக்கும் கால்நடை வளர்ப்போருக்கும் வரவேண்டிய அனர்த்த நட்டஈடு பற்றி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



மாரி வெள்ளம் வடியத் தொடங்கியதும் எங்கள் ஊர்களில் ஒரு கேள்வி வாய்க்கு வாய் போகும். "காசு குடுக்கினமாம், பதிஞ்சிட்டியளோ?" வெள்ளம் வந்த வேகத்திலேயே இந்தக் கேள்வியும் வரும். ஆனால் எவ்வளவு காசு, எந்தப் பயிருக்கு, யாருடைய பெயரில், எந்தத் திகதிக்குள் என்று கேட்டால் தெளிவான மறுமொழி சொல்லக்கூடியவர்கள் குறைவு. கமநல சேவை நிலையம் ஒன்றின் மேசைக்கு அந்தப் பக்கம் பல ஆண்டுகள் இருந்தவன் நான். மேசைக்கு இந்தப் பக்கம் நனைந்த குடையோடு நின்றவர்களின் முகங்கள் எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பெரும்பாலும் இழப்பைவிடக் கூடுதலான வேதனையைக் கொடுத்தது, தங்கள் இழப்பு கணக்கில் வருமா வராதா என்று தெரியாமல் நின்ற அந்த நிலைதான்.

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே. அனர்த்த நட்டஈடு, வெள்ளம் வருவதற்கு முன்பே எல்லோருக்கும் தெரிந்த விதியாக இருக்க வேண்டும். அந்த விதி, இந்தக் குடாநாட்டின் கமம் எப்படி நடக்கிறதோ அதை அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாதவரை, கொழும்பில் எவ்வளவு பெரிய தொகை அறிவிக்கப்பட்டாலும் எங்கள் கமக்காரரின் கைக்கு வருவது சிறிதாகவும் பிந்தியும்தான் இருக்கும்.

முதலில் அண்மைக்கால அனர்த்தங்களை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம். 2008 நவம்பரில் நிஷா புயல். போரால் ஏ9 வீதி மூடப்பட்டிருந்த காலம் அது. குடாநாடு வெள்ளத்தில் கிடந்தது. 2020 டிசெம்பரில் புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறி உள்ளே வந்தது. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர் கால்நடைகளைக் கொன்றது. 2024 நவம்பர் கடைசியில் ஃபெங்கல். ஓராண்டு கழித்து, 2025 நவம்பரில் டித்வா. இவற்றுக்கு நடுவே 2016, 2017 ஆண்டுகளின் வறட்சியும் உண்டு. முன்பெல்லாம் ஒரு பெரும்புயல் வந்தால் ஒரு தலைமுறை அதைப் பேசும். 1964 டிசெம்பர்ப் புயலை எங்கள் பெற்றோர் அப்படித்தான் பேசினார்கள். இன்றைய பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிப்பதற்குள்ளேயே நாலைந்து புயல்களின் பெயர்களைப் பாடமாக்கிவிடுகிறார்கள். அனர்த்தம் அடிக்கடி வருகிறதென்றால் அதற்கான நட்டஈடும் ஒவ்வொரு முறையும் புதிதாக யோசிக்கப்படும் ஒன்றாக இருக்க முடியாது.

நட்டஈடு என்பது இந்த நாட்டுக்குப் புதிய எண்ணமல்ல. 1958இலேயே நெல்லுக்கான பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கியது. 1961இல் பயிர்க் காப்புறுதிச் சட்டம் வந்தது. 1973இல் விவசாயக் காப்புறுதிச் சட்டத்தின் கீழ் தனிச் சபை அமைந்தது. 1999இன் 20ஆம் இலக்கச் சட்டம் அதைக் கமத்தொழில், கமநலக் காப்புறுதிச் சபையாக மாற்றியது. ஆசியாவில் இவ்வளவு பழைய பயிர்க் காப்புறுதி வரலாறு உள்ள நாடுகள் அதிகமில்லை.

பின்னர் 2013இல் ஒரு முக்கியமான மாற்றம் நடந்தது. வங்கிகள், நிதிக் கம்பனிகள், காப்புறுதிக் கம்பனிகள் ஆகியவை தங்கள் வரிக்குப் பிந்திய இலாபத்தில் 1 வீதத்தைப் பயிர்க் காப்புறுதி அறவீடாகக் கட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. அந்தப் பணம் தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்துக்குப் போகிறது. இதைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். காலபோகத்துக்கு உழவுக் கூலிக்கும் பசளைக்கும் எங்கள் வீடுகளில் எங்கே பணம் எடுக்கிறோம்? தாலிக்கொடியும் காப்பும் வங்கிக்குப் போகின்றன. அடகு வட்டி மாதாமாதம் ஏறுகிறது. அந்த வட்டி வங்கியின் இலாபத்தில் சேர்கிறது. அந்த இலாபத்தின் ஒரு பங்குதான் பயிர்க் காப்புறுதிக்குப் போகிறது. ஆகவே நட்டஈடாக வருகிற பணத்தில் கமக்காரர் வீட்டுப் பணமும் உண்டு. கைநீட்டி வாங்குகிற உணர்வோடு யாரும் அந்த மேசை முன்னால் நிற்கத் தேவையில்லை.

அதன் பிறகு நெல், சோளம், சோயா, பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, மிளகாய் ஆகிய ஆறு பயிர்களுக்குக் கட்டணமில்லாத காப்புறுதி வந்தது. வெள்ளம், வறட்சி, காட்டு யானை ஆகியவற்றால் வரும் அழிவுக்கு ஏக்கருக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். 2024இல் ஃபெங்கல் அழிவுக்குப் பின்னரும் இந்த அளவுகோல்தான் அறிவிக்கப்பட்டது: ஹெக்டெயருக்கு ஒரு இலட்சம், ஏக்கருக்கு 40,000. டித்வாவுக்குப் பின்னர், 2025 டிசெம்பரில், அளவு கூட்டப்பட்டது. நெல், சோளம் முதலான தானியப் பயிர்களுக்கு ஹெக்டெயருக்கு 150,000 ரூபாய், மரக்கறிப் பயிர்களுக்கு 200,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். இது நல்ல முன்னேற்றம். மரக்கறி என்ற சொல் அந்த அறிவிப்பில் வந்ததே எங்களைப் போன்ற தோட்டக்கார மாவட்டத்துக்குப் பெரிய காரியம். அதை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனாலும் இந்தத் தொகையை எங்கள் அளவையில் ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் யாரும் ஹெக்டெயரில் காணி வைத்திருப்பதில்லை. நாங்கள் பரப்பில் பேசுகிறோம். 16 பரப்பு ஒரு ஏக்கர். ஒரு ஹெக்டெயர் ஏறக்குறைய 39½ பரப்பு. அப்படியென்றால் ஏக்கருக்கு 40,000 என்பது பரப்புக்கு 2,500 ரூபாய். ஹெக்டெயருக்கு 150,000 என்பது பரப்புக்கு ஏறக்குறைய 3,800 ரூபாய். மரக்கறிக்குச் சொன்ன 200,000 என்பது பரப்புக்கு 5,000 ரூபாய்க்குச் சற்று மேல். இதெல்லாம் முழுவதும் அழிந்தால் கிடைக்கும் உச்சத் தொகை. அழிவின் வீதம் குறையக் குறைய இதுவும் குறையும்.

தென்மராட்சியில் ஆறு பரப்பு வயல் செய்கிற ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2024இன் அளவுப்படி அவர்களுடைய வயல் முற்றாக அழிந்தாலும் 15,000 ரூபாய்தான். அதை வாங்க ஒருவர் கமநல சேவை நிலையத்துக்கு ஒரு நாள், கிராம உத்தியோகத்தரிடம் ஒரு நாள், வங்கிக்கு ஒரு நாள், கள ஆய்வுக்கு உத்தியோகத்தர் வரும்வரை வயலில் இன்னொரு நாள் என்று அலைய வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு அந்த நாட்களின் சம்பளம் போய்விடும். அநுராதபுரத்திலோ பொலன்னறுவையிலோ ஐந்து ஏக்கர் செய்கிறவருக்கும் இதே அலைச்சல்தான். ஆனால் அவர் பெறுவது இதைப்போல் பல மடங்கு. விதி இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த விதி வன்னியின், வடமத்திய மாகாணத்தின் பெரிய வயல்களை மனதில் வைத்து எழுதப்பட்டது. சிறு நிலத்தில் நெருக்கமாகப் பயிரிட்டு, ஒரு பரப்பில் ஒரு ஏக்கரின் உழைப்பைக் கொட்டுகிற எங்கள் கமத்தை அது காணவில்லை.

இதனால்தான் நான் கேட்கிறேன்: ஏக்கர் கணக்கோடு சேர்த்து, சிறு நிலக்காரருக்கு ஒரு அடிமட்டத் தொகை வைக்க வேண்டும். இரண்டு பரப்போ எட்டுப் பரப்போ, அழிவு உறுதியானால் இதற்குக் குறையாது என்று ஒரு தளம். அலைச்சல் செலவாவது அதில் அடங்கட்டும்.

அடுத்தது பயிர்ப் பட்டியல். அந்த ஆறு பயிர்களையும் மீண்டும் நினைத்துப் பாருங்கள். அதில் பெரிய வெங்காயம் உண்டு. யாழ்ப்பாணத்தின் செம்மண்ணில் விளைவது சின்ன வெங்காயம். உரும்பிராய், கோப்பாய், அச்சுவேலி, சுன்னாகம், குப்பிழான் தோட்டங்களை ஆண்டாண்டாகத் தாங்கி நின்ற பயிர் அது. விதை வெங்காயத்துக்கே பெரும்பணம் போகும். நட்டுச் சில கிழமைகளில் பாத்தியில் தண்ணீர் நின்றால் பூடு அழுகும். மேலே தாள் பச்சையாக நிற்கும், பிடுங்கிப் பார்த்தால் அடி கையில் கூழாகும். இதைப் பார்க்கிற உத்தியோகத்தருக்கு மனம் இருந்தாலும் படிவத்தில் அதற்கு நிரல் இல்லையென்றால் அவர் என்ன செய்வார்? நீர்வேலி வாழைக்கும் இதே கதைதான். ஒரு காற்றுக்குத் தோட்டம் முழுவதும் குலையோடு சாயும். அந்த மரம் குலைதள்ளும்வரை கமக்காரர் பல மாதங்கள் இறைத்திருப்பார், முட்டுக் கொடுத்திருப்பார். வெற்றிலைக் கொடிக்காலுக்கும் அப்படியே.

2025இல் மரக்கறி சேர்க்கப்பட்டதை வழியாக வைத்து அடுத்த படிக்குப் போக வேண்டும். ஒரு மாவட்டத்தில் உண்மையில் என்ன விளைகிறதோ, அந்தப் பட்டியலை அந்த மாவட்டத்தின் விவசாயத் திணைக்களமும் கமநல அபிவிருத்தித் திணைக்களமும் கமக்கார அமைப்புகளும் சேர்ந்து ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் எழுதிக் கொடுக்கலாம். கொழும்பு அதை ஏற்றுக்கொண்டால் போதும். இதற்கு ஒரு பெரிய சட்டத் திருத்தம் வேண்டியதில்லை, ஒரு சுற்றுநிருபம் போதும் என்றே நான் நினைக்கிறேன்.

இனி இந்த உரையின் மிகக் கடினமான பகுதிக்கு வருகிறேன். நட்டஈடு யாருடைய பெயரில்?

எங்கள் வயல்களிலும் தோட்டங்களிலும் ஒரு பெரும் பகுதி இன்று குத்தகைக்குத்தான் செய்யப்படுகிறது. காணிக்காரர் கொழும்பில், அல்லது இலண்டனில், ரொறன்ரோவில். காணியைப் பார்த்துக்கொள்ள ஒரு உறவினர். கமம் செய்வது இன்னொருவர். வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் போரால் இடம்பெயர்ந்த கமக்காரக் குடும்பங்கள் பல, தங்கள் செம்மண் தோட்டங்களைப் பார்க்க முடியாமல், வேறு ஊர்களில் அடுத்தவர் காணியைக் குத்தகைக்கு எடுத்தே ஒரு தலைமுறையைக் கழித்தன. ஒற்றிக் காணிகளும் உண்டு. தேசவழமை காலத்திலிருந்து வருகிற அந்த முறையில், பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாக விளைவை எடுக்கிறார். இவற்றில் பெரும்பாலானவை வாய்ப்பேச்சு. ஒரு துண்டுக் கடுதாசியும் கிடையாது.

ஏன் எழுதுவதில்லை என்று கேட்டால் அதற்கு நியாயமான ஒரு வரலாறு உண்டு. 1958இன் நெற்காணிச் சட்டம், பிலிப் குணவர்தன விவசாய அமைச்சராக இருந்தபோது கொண்டுவந்தது, வயலைக் குத்தகைக்குச் செய்கிறவருக்கு அந்த வயலில் நிலையான உரிமையைக் கொடுத்தது. உழுகிறவனைப் பாதுகாக்க வந்த சட்டம் அது. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டமும் குத்தகைக் கமக்காரரின் பாதுகாப்பைத் தொடர்ந்தது. அதன் விளைவாகவே காணிக்காரரின் மனதில் ஒரு பயம் குடியேறியது: பெயரை எழுதிக் கொடுத்தால் காணி போய்விடும். ஆகவே அவர் எழுதிக் கொடுக்க மாட்டார். செய்கிறவரும் கேட்க மாட்டார். கேட்டால் அடுத்த போகத்துக்குக் காணி கிடைக்காது.

இந்த மௌனத்தின் விலை வெள்ளம் வந்த பிறகுதான் தெரிகிறது. அதே கமநலச் சட்டம் ஒவ்வொரு விவசாயக் காணிக்கும் ஒரு இடாப்பு இருக்க வேண்டும், அதில் காணியைச் செய்கிறவரின் விபரம் இருக்க வேண்டும் என்று சொல்கிறது. பசளை மானியமும் அந்தப் பதிவோடு இணைந்தது, காப்புறுதியும் இணைந்தது. பதிவில் காணிக்காரரின் பெயர் இருந்தால் பணம் அவர் கணக்குக்குப் போகும். யாருடைய பெயரும் இல்லையென்றால் யாருக்கும் போகாது. தண்ணீருக்குள் இறங்கி வாய்க்கால் வெட்டி, நகை அடகு வைத்து விதைத்தவர், தன் இழப்பைச் சொல்லும் உரிமையைக் கூட இழந்து நிற்பார். நட்டஈட்டை வாங்கி, கமம் செய்தவரிடம் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்த காணிக்காரர்கள் எங்கள் ஊர்களில் உண்டு. அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் ஒரு குடும்பத்தின் வாழ்வு அடுத்தவரின் நல்ல மனதை நம்பி இருக்கக்கூடாது.

இதற்கு வழி இருக்கிறது. "இந்தப் போகத்துக்கு இந்தக் காணியில் இந்தப் பயிரைச் செய்பவர் இவர்" என்று மட்டும் சொல்கிற ஒரு பருவகாலப் பதிவு வேண்டும். காணி உரிமையையோ குத்தகை உரிமையையோ அது தொடாது என்று அந்தப் படிவத்திலேயே அச்சிட்டுவிட வேண்டும். கமக்கார அமைப்பின் தலைவரும் கிராம உத்தியோகத்தரும் சாட்சியாகக் கையொப்பமிட்டால் போதும். காணிக்காரரின் பயம் நீங்கும், செய்கிறவரின் பெயர் ஏறும். வெளிநாட்டில் இருக்கிற எங்கள் காணிக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நீங்கள் ஊருக்கு அனுப்பும் உதவியில் இதுவும் ஒன்றாக இருக்கட்டும். ஒரு கடிதம், ஒரு கையொப்பம். அது ஒரு குடும்பத்துக்கு ஒரு போகத்தின் பாதுகாப்பு.

இப்போது கால்நடை. பயிரைவிட இங்கேதான் எங்கள் முறை மிகவும் பலவீனமாக இருக்கிறது.

2022 டிசெம்பர் இரண்டாம் கிழமையை மறந்திருக்க மாட்டீர்கள். மாண்டஸ் புயல் வங்கக் கடலில் நகர்ந்துகொண்டிருந்தபோது வடக்கிலும் கிழக்கிலும் மழையோடு கடும் குளிர்க்காற்று வீசியது. எங்கள் மாடுகள் வெயிலுக்குப் பழகியவை. மேய்ச்சல் தரவையிலும் வெளியிலும் பட்டியாகவே கிடப்பவை, கூரை கிடையாது. விடிந்தபோது அவை ஒன்றையொன்று ஒட்டிப் படுத்தபடியே செத்துக் கிடந்தன. இரு மாகாணங்களிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. நோயோ என்று பயந்து இறைச்சி கொண்டுசெல்வதற்கு அரசாங்கம் தடை போட்டது. பேராதனைக்கு மாதிரிகள் அனுப்பிப் பார்த்ததில் குளிர்தான் காரணம் என்று தெரிந்தது.

அந்தக் கிழமையில் மாடு இழந்தவர்களுக்கு இரண்டு கேள்விகள் வந்தன. குளிர் ஒரு அனர்த்தமா? செத்த மாடு உங்களுடையது என்பதற்கு என்ன அத்தாட்சி? முதல் கேள்விக்கு நாட்டிலுள்ள விதிகளில் நேரான மறுமொழி தேடுவது கடினம். இரண்டாவது கேள்விக்குக் கமக்காரரிடம் மறுமொழி இல்லை. மழையில் சடலம் வீங்க முன்னர் புதைத்தாக வேண்டும். புதைத்த பிறகு கணக்கு எங்கே? ஒரு விதவைத் தாய்க்கு இரண்டு பால்மாடுகள்தான் பிள்ளைகளின் படிப்புச் செலவு என்றால், அந்த இரண்டும் போன நாளில் அவர் இழந்தது ஒரு சம்பளத்தை. அதற்குப் பற்றுச்சீட்டு இல்லை என்பதால் அது இழப்பு இல்லையென்று ஆகிவிடாது.

பாக்கு நீரிணைக்கு அப்பால் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். 2024 டிசெம்பரில் ஃபெங்கல் அழிவுக்குப் பின்னர் தமிழ்நாடு அரசு அறிவித்த பட்டியலில், எருது, பசு ஒன்றுக்கு 37,500 இந்திய ரூபாய், வெள்ளாடு, செம்மறியாடு ஒன்றுக்கு 4,000, கோழி ஒன்றுக்கு 100 என்று தனித்தனியே இருந்தது. பயிரிலும் அப்படித்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல், அதாவது 33 வீதத்துக்கு மேல் அழிந்தால், பாசன நெல்லுக்கு ஹெக்டெயருக்கு 17,000, நீண்டகாலப் பயிர்களுக்கு 22,500, மானாவாரிப் பயிர்களுக்கு 8,500. தொகை போதுமா என்பது வேறு வாதம், அங்குள்ள விவசாயிகள் அதைப் போதாதென்றே சொல்கிறார்கள். நான் பார்ப்பது பட்டியலின் வடிவத்தை. கோழிக்குக்கூட ஒரு வரி இருக்கிறது. எவ்வளவு அழிந்தால் கிடைக்கும் என்ற எல்லை இருக்கிறது. ஒரு கிராமத்துப் பெண் தன் இழப்பைத் தானே கூட்டிப் பார்க்க முடியும்.

இன்னும் தூரத்தில், அமெரிக்காவில், கால்நடை நட்டஈட்டுத் திட்டம் ஒன்று 2014ஆம் ஆண்டின் விவசாயச் சட்டத்தோடு நிரந்தரமானது. வழமைக்கு மீறிய காலநிலையால் இறக்கும் விலங்குக்கு அதன் சராசரிச் சந்தைப் பெறுமதியில் 75 வீதம் கொடுக்கிறார்கள். வெள்ளமும் சூறாவளியும் மட்டுமன்றிக் கடும் குளிரும் கடும் வெப்பமும் அதில் அடங்கும். ஒவ்வொரு ஆண்டும் எந்த விலங்குக்கு எவ்வளவு என்று முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். கென்யாவின் மர்சபிட் பகுதியில் 2010 முதல் வேறொரு வழி நடக்கிறது. செய்மதிப் படத்தில் புல்வெளி எவ்வளவு காய்ந்திருக்கிறது என்று பார்த்து, பசுமையின் அளவு குறித்த எல்லைக்குக் கீழே போனால், யாரும் போய் மாட்டை எண்ணாமலே மேய்ப்பவருக்குப் பணம் போகிறது. பணக்கார நாட்டுக்கு மட்டும் முடிகிற காரியமல்ல இது என்பதற்குக் கென்யா சாட்சி.

நாங்கள் செய்யக்கூடியது என்ன? மாட்டுக்குக் குறிசுடுவது எங்கள் பழைய வழக்கம். இன்று அதற்குப் பதிலாகக் காதில் இலக்கத் தகடு போடலாம். கால்நடை வைத்திய அலுவலகத்தில் அந்த இலக்கம் ஏற வேண்டும். ஆட்டுக்கும் வேண்டும், ஏனென்றால் குடாநாட்டில் காணியில்லாத குடும்பங்களின் சேமிப்பு பெரும்பாலும் ஆடுதான். விலங்கு இறந்தால் புதைக்கும் முன்னர் கைபேசியில் தகடு தெரியப் படமெடுத்து, கால்நடை வைத்தியருக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அனுப்பினால், அதை அத்தாட்சியாக ஏற்க வேண்டும். குளிரையும் அனர்த்தப் பட்டியலில் எழுத வேண்டும். 2005இன் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் அமைந்த நிறுவனங்கள் எங்களிடம் இருக்கின்றன. அவற்றின் மேசையில் இந்தக் கோரிக்கையை நாங்கள் வைக்க வேண்டும்.

கடைசியாகக் காலம். பணத்தின் அளவைவிடச் சில சமயம் பணத்தின் நாள் முக்கியம்.

வழுக்கை ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு என்று பெயர், மாரியில் மட்டும் ஓடுவது. தெல்லிப்பழைப் பக்கம் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வயல்களைத் தொட்டு, அராலியில் கடல்நீரேரியில் விழுகிறது. கார்த்திகைக் கடைசியில் பெருவெள்ளம் வரும்போது அதன் கரை வயல்களில் பயிர் மட்டம் வெடித்துக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று நாளில் தண்ணீர் வடிந்தால் பயிர் தேறும். ஒரு கிழமைக்கு மேல் மூழ்கிக் கிடந்தால் அடி அழுகும். சில வயல்களில் பயிர் தப்பியது போலத் தெரியும், தையில் கதிர் வரும்போதுதான் பாதி பதர் என்று தெரியவரும். ஆய்வுக்கு உத்தியோகத்தர் மார்கழி நடுவில் வந்தால் ஒரு கணக்கு, தையில் வந்தால் வேறு கணக்கு. ஆகவே இரண்டு தடவை பார்க்க வேண்டும்: வெள்ளம் வடிந்து பத்து நாளுக்குள் ஒரு முறை, கதிர் வந்தபின் ஒரு முறை. முதல் ஆய்விலேயே ஒரு முற்பணம் கொடுக்க வேண்டும்.

ஏன் முற்பணம்? எங்கள் காலபோகம் வடகீழ்ப் பருவமழையை நம்பியது. மார்கழியில் அழிந்த வயலில் மறுபடி நெல் விதைக்க மழை இருக்காது. ஆனால் தையில் மண்ணில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தில் பயறு, உழுந்து, எள்ளுப் போடலாம். நெல் போனாலும் பயறு ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்தும். அதற்கு விதை தையில் கையில் இருக்க வேண்டும். சித்திரையில் வங்கிக்கு வருகிற நட்டஈடு அடகு வட்டிக்குத்தான் போகும், வயலுக்குப் போகாது. உரிய நாளில் வரும் 5,000 ரூபாய், நாலு மாதம் பிந்தி வரும் 15,000 ரூபாயைவிடக் கமத்துக்குப் பயன்படும். பணத்தோடு விதையையும் கமநல சேவை நிலையங்களில் கையிருப்பாக வைத்திருந்தால் இன்னும் நல்லது.

பெரியோர்களே, அதிகாரிகள் மீது மட்டும் பழி போட்டுவிட்டு நான் இறங்கிப்போக விரும்பவில்லை. களத்தில் இருக்கிற விவசாயப் போதனாசிரியர், கமநல உத்தியோகத்தர், கிராம உத்தியோகத்தர் ஆகியோரில் பலர் வெள்ளத்தில் தங்கள் வீடும் மூழ்கக் கிடந்தபடியேதான் அடுத்தவர் இழப்பை எழுதினார்கள். ஒரு கமநல நிலையத்தின் கீழ் பல ஆயிரம் விண்ணப்பங்கள் ஒரே நேரத்தில் குவியும்போது எவராலும் நீதியாக எழுத முடியாது. முன்பதிவு சரியாக இருந்தால் அந்தச் சுமை பாதியாகும். விதி தெளிவாக இருந்தால், "தெரிஞ்சவைக்குத்தான் குடுத்தவை" என்ற சந்தேகமும் குறையும். பணம் பெற்றவர்களின் பட்டியலைக் கமநல நிலையத்தின் சுவரிலே ஒட்ட வேண்டும். பெயர் வராதவர் மேன்முறையீடு செய்ய ஒரு நாளும் ஒரு ஆளும் குறித்திருக்க வேண்டும். நேர்மையாக வேலை செய்கிற உத்தியோகத்தருக்கும் அதுதான் பாதுகாப்பு.

ஆகவே என் கோரிக்கைகளைச் சுருக்கிச் சொல்கிறேன். பரப்புக் கணக்கில் செய்கிறவருக்கு ஒரு அடிமட்டத் தொகை. சின்ன வெங்காயமும் வாழையும் வெற்றிலையும் இடம்பெறும் மாவட்டப் பயிர்ப் பட்டியல். காணி உரிமையைத் தொடாத பருவகாலச் செய்கையாளர் பதிவு. மாட்டுக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் முன்கூட்டியே வெளியிட்ட தொகை. இரண்டு ஆய்வு, தைக்கு முன் ஒரு முற்பணம். சுவரில் ஒட்டிய பட்டியல், மேன்முறையீட்டுக்கு ஒரு வழி.

இவற்றில் சில கொழும்பில் தீர வேண்டியவை. அதற்கு எங்கள் நாடாளுமன்ற உறுப்பினர்கள், கட்சி பார்க்காமல், ஒரே குரலில் பேச வேண்டும். சில மாவட்டச் செயலகத்திலேயே தீர்க்கக்கூடியவை. ஆனால் இரண்டு காரியங்கள் இன்றே எங்கள் கையில் இருக்கின்றன. ஆவணி, புரட்டாதியில் விதைக்கப் போகும் முன்னர் ஒவ்வொரு கமக்கார அமைப்பும் தன் ஊரில் யார் எந்தக் காணியைச் செய்கிறார் என்று ஒரு கொப்பியில் எழுதி, பிரதி ஒன்றைக் கமநல சேவை நிலையத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு வாங்கலாம். ஒவ்வொரு ஊரிலும் உயர்தரம் படிக்கிற இரண்டு பிள்ளைகள் கைபேசியோடு போய் வயலையும் தோட்டத்தையும் மாட்டையும் ஆட்டையும் படமெடுத்துத் திகதியோடு வைக்கலாம். மாணவச் செல்வங்களே, இந்த வேலையை உங்களிடம் நான் நம்பிக்கையோடு ஒப்படைக்கிறேன். உங்கள் பாட்டனார் மழை வருகிறதா என்று வானத்தைப் பார்த்தார். நீங்கள் வானத்தையும் பாருங்கள், இடாப்பையும் பாருங்கள்.

அடுத்த மாரி எப்படியும் வரும். அது வரும்போது எங்கள் கமக்காரர் ஒவ்வொருவருக்கும் தன் இழப்புக்கு எவ்வளவு, எப்போது, யாரிடம் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த மண்டபத்திலிருந்து போகிற ஒவ்வொருவரும் தத்தம் ஊர்க் கமக்கார அமைப்பின் அடுத்த கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுங்கள். பதிவைத் தொடங்குங்கள், கோரிக்கையைக் கையொப்பமிட்டு அனுப்புங்கள். உரிமை கேட்டு எழுதிய கடிதம் கிடப்பில் போனால் மறுபடி எழுதுவோம். எழுதாமல் இருந்தால் மட்டும் யாரையும் குறைசொல்ல எங்களுக்கு இடமில்லை.